குரல் மாற்ற மனு

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ரேணுகாதேவி வருவார் என்று தெரிந்துபோனதிலிருந்து, நான் பத்தே முக்காலுக்கே டீக்கடைக்கு நழுவிவிடுவது வழக்கம். அந்த வாரம் டீக்கடைக்காரர் மகளுக்குக் கல்யாணம். கடை பூட்டிக் கிடந்தது. வசமாக மாட்டிக்கொண்டேன்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு துணிப்பை, பைக்குள் தண்ணீர் பாட்டில், பாட்டிலுக்கு அடியில் நான்காக மடித்த மனு. ஒவ்வொரு வாரமும் அதே மனுவைக் கொண்டுவந்து, நான் கடையிலிருந்து திரும்பும்வரை நின்றிருப்பார். ஒவ்வொரு வாரமும் நான் அதை நிராகரிப்பேன். அலுக்கவே அலுக்காதா இந்த அம்மாவுக்கு என்று எனக்குத்தான் அலுத்துப்போகும்.

"உக்காருங்கம்மா."

"இருக்கட்டுங்க சார்."

உட்காரவும் மாட்டார். நின்றுகொண்டிருக்கிற ஒருவரிடம் முடியாது என்று சொல்வது எவ்வளவு எரிச்சலான வேலை என்பது எங்களைப் போல கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

நான் பூபதி. செங்காளிப்பாளையம் மின் கூட்டுறவில் சேமிப்புப் பிரிவின் உதவிப் பொறியாளர். பிரிவு என்றதும் பெரிய பட்டாளம் என்று நினைக்க வேண்டாம். நான், ஒரு கம்ப்யூட்டர், ஓட்டக் கூடாது என்று சீட்டு ஒட்டிய ஒரு ஏசி, அவ்வளவுதான். ஊரைச் சுற்றி நூறு காற்றாலைகள் ராவும் பகலும் சுற்றுகின்றன. அந்தக் கரண்டு எங்கே போகிறது என்று கேட்டால் மேலே இருப்பவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. எங்கள் ஊருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று அளந்து விடுகிறார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போட்டு அந்த அளவைத் தாண்டிவிட்டால், ஊர் மொத்தமும் இருண்டுவிடும். குடிதண்ணீர் மோட்டார், ஆஸ்பத்திரி, தெருவிளக்கு எல்லாம் சேர்த்துத்தான்.

"சார், அந்தப் பொட்டியை எடுத்துருங்க. இல்லாட்டி அதுல இருக்கற கொரலையாவது மாத்திருங்க," என்றார் ரேணுகாதேவி.

"பொட்டியை எடுக்க முடியாதுங்கம்மா. எல்லா ஊட்டுலயும் இருக்கோணும்னு சட்டம். போன வாரமும் சொன்னனே. முதல்ல நோட்டீஸ் அடிச்சோம். அதுல வடை மடிச்சுக் குடுத்தாங்க. அப்புறம் போன்ல ஒரு பொம்பளப்புள்ள கொரல்ல, 'வணக்கம், மின்சாரம் சேமிப்போம்'னு சொல்ல வெச்சோம். வணக்கம்கறதுக்குள்ள கட் பண்ணிட்டாங்க. அப்புறந்தான் இதைக் கண்டுபுடிச்சோம். ஊட்டுல யாரு சொன்னா கேப்பாங்களோ அவிய கொரல்லயே பொட்டி பேசும். மூணு மாசம் அவிய எப்படிப் பேசறாங்கன்னு கேட்டுப் பழகிக்கும். எந்த ரூம்ல ஆளில்லாம ஃபேன் ஓடுது, எங்க வெட்டியா லைட் எரியுதுன்னு பாத்து அதுவே சொல்லும். இப்ப பாருங்க, ஊருல கரண்டு போயி ஒரு வருசமாச்சு."

"அது தெரியுமுங்க."

"உங்க ஊட்டுக்காரரு தானே அவரு கொரலைப் பதிஞ்சாரு?"

"ஆமாங்க. ஃபாரத்துல கேட்டிருந்ததுங்க. லைட்டை ஆஃப் பண்ணச் சொல்றது ஊட்டுல யாருன்னு. அவரு பேரைப் போட்டோம்."

அவர் கணவர் அர்த்தநாரி, நூல்மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். பெட்டி மட்டும் அவர் குரலில் பேசிக்கொண்டிருக்கிறது.

"அவரு இருந்தப்பக்கூடத் தேவலைங்க சார்," என்றார். "அவரு ஊட்டுல இருந்தா பொட்டி பேசாது. அவரு பேசிக்குவாரு. கடைக்குக் கிளம்பிட்டாப் பொட்டி ஆரம்பிச்சுக்கும். இப்ப எந்நேரமும் பொட்டிதானுங்க. செத்ததுக்கப்புறம் வெளியவே போவ மாட்டேங்கறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு விதியைச் சொன்னேன். குரலை மாற்ற வேண்டுமென்றால் குரலுக்கு உரியவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் உயிரோடு இல்லையென்றால் வாரிசுகள் அத்தனை பேரும் போட வேண்டும். ரேணுகாதேவி போட்டுவிட்டார். மஸ்கட்டில் இருக்கும் ஒரே மகன் பிரணவ் போட மாட்டேன் என்கிறார். இதில் நான் என்ன செய்ய?

"நீங்க ஒரு வார்த்தை அவங்கிட்டச் சொல்லிப் பாருங்க சார்."

விட்டால் போதும் என்று அங்கேயே போனைப் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன்.

"தம்பி, அம்மா சிரமப்படறாங்க. ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க."

"சார், அது எங்கப்பாங்க," என்றார் பிரணவ்.

"பொட்டிங்க அது."

"உங்களுக்குப் பொட்டி. எல்லாரும் அப்பா போட்டோவை மாட்டி மாலை போடறாங்க. எங்கப்பா எங்கிட்டப் பேசறாரு. ஞாயித்துக்கிழமையானா நான் போன் போட்டு, அம்மா, மோட்டரைப் போட்டு உடுங்கம்மான்னு சொல்லுவேன். அப்பா புடிச்சு வைவாரு. அதைக் கேட்டாத்தான் அந்த வாரம் எனக்கு வேலையே ஓடும். அதையும் புடுங்கிருவீங்களா?"

குரல் உடைந்துவிட்டது. நாம் செய்த பெட்டி இப்படி ஒரு காரியம் செய்கிறதா என்று பெருமையாகக்கூட இருந்தது, சொல்ல வெட்கமில்லை. போனை வைத்துவிட்டு, "பையன் சொல்றதும் நியாயந்தானுங்கம்மா," என்றேன்.

ரேணுகாதேவி மனுவை நான்காக மடித்துப் பாட்டிலுக்கு அடியில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் கேட்பதற்காக மோட்டாரைப் போட்டுவிட்டு வசவு வாங்குவது யார் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அடுத்த செவ்வாயும் வந்துவிடப் போகிறாரே என்ற பயத்தில், அவர் வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டு ஒரு குறுக்கு வழியைச் சொன்னேன். சேமிப்பு அதிகாரி சொல்லக் கூடாத வழி.

"ரெண்டு மாசம் உங்க ஊட்டுச் சேமிப்பு பத்து சதவீதத்துக்குக் கீழ போச்சுன்னு வைங்க. இந்தக் கொரலு வேலைக்கு ஆவலைன்னு சிஸ்டமே அதைக் கழட்டிரும். யாரு கையெழுத்தும் வேண்டாம். நீங்க பாட்டுக்கு எல்லாத்தையும் போட்டு உடுங்க. அது கத்தட்டும். காதுல வாங்காதீங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவேதான்."

நாலு வாரம் அவர் வரவில்லை. நிம்மதியாக வடை தின்றேன். ஐந்தாவது செவ்வாய் அவர் வந்து நின்றதும் கணக்கைத் திறந்து பார்த்தேன். முப்பத்தெட்டு சதவீதமாக இருந்த சேமிப்பு நாற்பத்தொன்றாக ஏறியிருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "ஏனுங்கம்மா, ஒரு ஃபேனைப் போட்டுட்டு உக்காந்திருக்க முடியாதா உங்களுக்கு? சேமிக்கச் சொன்னா ஊரே சேமிக்க மாட்டேங்குது. சேமிக்காதீங்கன்னு உங்களைக் கெஞ்ச வேண்டியிருக்குது."

"போட்டனுங்க."

"போட்டு?"

"அவரு சத்தம் போட்டாருங்க."

"அவரில்லைம்மா, பொட்டி."

"பொட்டிதானுங்க," என்று ஒத்துக்கொண்டார். "தெரியுதுங்க சார். ஆனாக் கை தானாப் போயிருதுங்க."

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? சனிக்கிழமை சாயங்காலம் நானே வந்து, நானே எல்லாவற்றையும் போட்டு, நானே உட்கார்ந்து காட்டுகிறேன் என்றேன். ஒரு தடவை பார்த்துவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று நினைத்தேன்.

பழைய மில் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. நான் போனபோது ஆறு மணி. சித்திரைப் புழுக்கம். அவர் வீட்டுக்குள் இல்லை. பின்னால் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். அங்கே பெட்டிக்கு எட்டாதாம். இரவுச் சமையலை நாலு மணிக்கே முடித்துவிடுவாராம், இருட்டின பிறகு அடுப்படி விளக்கைப் போட வேண்டியதில்லை அல்லவா. கழுத்தெல்லாம் வேர்க்குரு சிவந்திருந்தது.

உள்ளே போனேன். நிலைக்கு மேலே சோப்பு டப்பா அளவில் பெட்டி. இரண்டு ஃபேன், டிவி, எல்லா விளக்குகள், மோட்டார், போதாததற்கு மிக்சியையும் வெறுமனே ஓடவிட்டு, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

பெட்டி ஆரம்பித்தது. "என்ன இங்க கல்யாணமா நடக்குது? ஏ ரேணுகா, உங்கொப்பன் காத்தாடி நட்டு வெச்சிருக்கானா? ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஆருக்கு ஓடுது, பேய்க்கா?"

வாய்விட்டுச் சிரித்தேன். எவ்வளவு நன்றாகப் பேசுகிறது. முதல் நிமிடம் வேடிக்கையாகத்தான் இருந்தது. இரண்டாவது நிமிடம் அந்த வேடிக்கை குறைந்தது. மில்லில் ஐந்நூறு ஸ்பிண்டில் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று பழக்கிய குரல், இரண்டு அறை வீட்டுக்குள் இறங்கினால் எப்படி இருக்கும்? "எத்தனை தடவை சொல்றது? சொன்னாப் புரியாதா? மண்டையில என்ன இருக்குது? சொல்லிச் சொல்லி எனக்கு வாயி வலிக்குது." மூன்றாவது நிமிடம் நான் எழுந்துவிட்டேன்.

"ஏய், நிறுத்து. நான் ஏ.ஈ. பேசறேன்," என்றேன் பெட்டியைப் பார்த்து. அது இன்னும் உரக்கக் கத்தியது. நானும் உரக்கக் கத்தினேன். நான் வடிவமைத்த பெட்டியோடு நானே மல்லுக்கு நின்ற கூத்தை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் திரும்பினால், டிவி அணைந்திருந்தது. மிக்சி நின்றிருந்தது. ஒரு ஃபேன் நின்றிருந்தது. ரேணுகாதேவி ஈரக் கையோடு சுவிட்ச் பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"நாந்தான் இருக்கறனேம்மா, உடுங்க," என்று அதே வேகத்தில் சொன்னேன்.

"உட்டர்றேனுங்க, உட்டர்றேனுங்க," என்றார். சொல்லிக்கொண்டே மீதி ஃபேனையும் அணைத்தார். பெட்டிக்குப் பயந்தா, எனக்குப் பயந்தா என்று தெரியவில்லை.

மோட்டாரை நிறுத்திவிட்டு வெளியே வந்து அந்தக் கல்லின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். கேட்கத்தான் தயக்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

"அடிப்பாருங்களா?"

"ஐயோ, இல்லீங்க. முப்பத்தொரு வருசத்துல ஒரு நாளு கைய நீட்டினதில்லை. நல்ல மனுசனுங்க. குடி கெடையாது, சீட்டுக் கெடையாது. சத்தம் மட்டுந்தான்." பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். "சத்தம் போடறவிய மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாங்க சார். போட்டுட்டு அடுத்த நிமிசம் காப்பி கேப்பாங்க. நமக்குத்தான் அது உள்ளயே ஓடிட்டிருக்கும்."

"இப்ப உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

"ஒரே ஒரு நாளு ஃபேனை அஞ்சுல வெச்சுட்டு, பொழுது விடியற வரைக்கும் தூங்கோணுமுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

இதற்குத்தான் ஆறு மாதமாக அலையவிட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை பொது மேலாளர் எஸ்தர் மேடத்திடம் போனேன். கெட்டிக்காரப் பெண்மணி. ஊர் இருண்டு கிடந்த காலத்தில் பொறுப்பேற்று, கல்லெறி வாங்கி, இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவர். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு தாளை நீட்டினார். 'சிறந்த சேமிப்பு இல்லம்' விருதுப் பட்டியல். முதல் பெயர் ரேணுகாதேவி அர்த்தநாரி.

"மேடை ஏத்திப் பேச வைக்கணும் பூபதி. எப்படிச் சேமிச்சீங்கன்னு அவங்க வாயாலயே சொல்லட்டும்."

"பயந்துக்கிட்டுச் சேமிச்சாங்க மேடம்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் என்ன செய்யணும்ங்கிறீங்க? போன கோடையில பிரசவ வார்டுல மெழுகுவத்தி வெச்சுத் தையல் போட்டாங்க. ஞாபகமிருக்கா? இப்ப இல்ல. ஒரு அம்மாவுக்குப் புழுக்கம்னு நான் அதுக்குத் திரும்பிப் போக முடியுமா?"

"ஒரு அம்மா இல்லைன்னு தோணுது மேடம்."

"தோணுதுன்னு சொல்லாதீங்க. எத்தனை பேரு குரலை மாத்தச் சொல்லி மனு குடுத்திருக்காங்க? எண்ணிட்டு வாங்க. பேசலாம்."

எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் நிராகரித்தது நான்தான். மனுவில் பெயர் வராது, இணைப்பு எண் மட்டும்தான் வரும். உரியவர் கையெழுத்து என்ற கட்டம் காலியாக இருந்தால் ஒரு பொத்தானை அழுத்துவேன். நாற்பது மனுவுக்குப் பத்து நிமிடம். காரணம் என்ற கட்டத்தை ஒரு நாளும் படித்ததில்லை. இப்போது மேலே இருந்த பத்துப் பதினைந்தைப் படித்தேன். 'பகலில் படுக்க முடியவில்லை.' 'குழந்தை பயப்படுகிறது.' 'மாமனார் ஊருக்குப் போயிருந்தும் போகவில்லை.' 'சும்மா.'

விதவிதமான காரணம். எல்லாம் பெண்கள் எழுதியது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் ஃபாரத்தை எடுத்துப் பார்த்தேன். உங்கள் வீட்டில் விளக்கை அணைக்கச் சொல்பவர் யார் என்று கேட்டிருந்தோம். எழுந்து போய் அணைப்பவர் யார் என்று கேட்கவே இல்லை. எல்லா வீட்டிலும் சொல்கிறவர் ஒருவர், எழுந்து போகிறவர் ஒருவர். சொல்கிறவருக்குத்தான் நாங்கள் இன்னொரு வாயைக் கொடுத்திருந்தோம்.

எஸ்தர் மேடத்திடம் எண்ணிக்கையைச் சொன்னதும் அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"ஒன்பதாயிரம் வீட்டுல இருநூத்திப் பன்னெண்டுதானா? அத்தனையும் மாத்திக் குடுத்தாக்கூட நமக்கு அரை சதவீதம் குறையாதே. இதையா ஒரு வருசமாப் பிடிச்சு வெச்சிருக்கீங்க?"

"உரியவர் கையெழுத்து இல்லை மேடம்."

"குரலை எடுக்கச் சொல்லி அந்தக் குரல்காரர்கிட்டயே போய்க் கையெழுத்து வாங்கணுமா? யாரு போட்ட விதி இது?"

ஏசியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். அவர் அறையிலும் அதே சீட்டுதான். "நாந்தான் மேடம்," என்றேன்.

"எடுத்துடுங்க."

"மனு குடுத்தவங்கதான் மேடம் இருநூத்திப் பன்னெண்டு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "குடுக்காதவங்களை எண்ணச் சொல்லி நான் கேக்கலை பூபதி," என்றார். நியாயமாகப் பார்த்தால் அங்கே நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாளே ரேணுகாதேவி வீட்டுக்குப் போய் அர்த்தநாரியின் குரலை இறக்கினேன். ஏதாவது ஒரு குரல் இல்லாமல் பெட்டி ஓடாது. யாருடையது வைக்கலாம் என்றேன். "வேற ஆரு இருக்கறாங்க, நாந்தான்," என்றார். பத்து வாக்கியங்களைப் படிக்கக் கொடுத்தேன். 'விளக்கை அணை' என்று இருந்ததை, "வெளக்க அணைச்சரலாமுங்களா?" என்று படித்தார். 'மின்விசிறியை நிறுத்து' என்பது, "ஃபேன் வேண்டாம்னா நிறுத்திக்கலாமுங்க, வேணும்னா ஓடட்டும்," என்று ஆனது. குரலில் கட்டளை போதவில்லை என்று சிஸ்டம் மூன்று முறை திருப்பி அனுப்பியது. நான்காவது முறை என் அதிகாரத்தைப் போட்டு ஏற்க வைத்தேன்.

அர்த்தநாரியின் குரலை அழிக்கவில்லை. பெட்டியின் புரோகிராமோடு முழுவதையும் மகன் போனுக்கே அனுப்பிவைத்தேன். இவ்வளவு எளிய வழி ஆறு மாதம் ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை ரேணுகாதேவி வந்தார். பையில் மனு இல்லை. முதல் முறையாக உட்கார்ந்தார்.

"தூங்குனீங்களா?"

"தூங்குனனுங்க சார். மொத நாளு தூங்கலை. எப்ப சத்தம் வருமோன்னு பாத்துட்டே படுத்திருந்தேன். அடுத்த நாளு தூங்கிட்டேன். பால்காரரு வந்து கதவைத் தட்டித்தான் எந்திரிச்சேன்."

"பையன் என்ன சொல்றாரு?"

"கோவமுங்க. அப்புறம் நீங்க அனுப்பினதை அங்கத்த ரூம்ல வெச்சுக்கிட்டானாம். ஏசியப் போட்டா வைவாராம், கீசரைப் போட்டா வைவாராம்." முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "ஒம்போது நாளுங்க சார். ஒம்போதே நாளு. அம்மா, எப்படிம்மா இருந்தீங்கன்னு போன் பண்ணிக் கேட்டான். கழட்டிப் போட்டுட்டானாம்."

விருது மேடைக்கு அவர் வர மறுத்துவிட்டார். சேமிப்பு நாற்பத்தொன்றிலிருந்து பதினெட்டுக்கு வந்திருந்தது. எஸ்தர் மேடம் பட்டியலில் அடுத்த பெயரை மேலே ஏற்றினார்.

மீதி மனுக்களுக்கு ஒப்புதல் போடும் வேலை இருந்தது. இப்போது காரணத்தைப் படித்துவிட்டுத்தான் போடுகிறேன். ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல் முடியவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் நூற்று நாற்பத்தேழாவது மனு திரைக்கு வந்தது. பதினோரு மாதத்துக்கு முந்தைய தேதி. என் நிராகரிப்பு முத்திரை. காரணம் என்ற கட்டத்தில் மூன்றே சொல்.

'வீட்டில் ஒருத்தர் போதும்.'

யாரோ வாயாடி என்று சிரித்துக்கொண்டேதான் இணைப்பு எண்ணைப் பார்த்தேன். அந்த எண் எனக்கு மனப்பாடம். இந்த ஊரிலேயே எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த இணைப்பு எண் அது ஒன்றுதான்.

என் மனைவி தாரணி என் எதிரே உட்கார்ந்துதான் தினமும் சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்வாள், தக்காளி புளிக்கிறதா என்று கேட்பாள். இந்தப் பதினோரு மாதத்தில் ஒரு நாள், கை கழுவப் போகும் முன் ஒரு தாளை நீட்டி, ஒரு கையெழுத்துப் போடுங்க என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்பதைவிட எவ்வளவு சத்தமாகச் சொல்லியிருப்பேன் என்பதுதான் காதில் கேட்டது.

என் வீட்டுப் பெட்டியில் இருப்பது என் குரல்தான், ஆனால் அது பேசி நான் கேட்டதே இல்லை. குரலைப் பதிந்தவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பதை அவருடைய போனை வைத்துத்தான் பெட்டி கண்டுபிடிக்கும். நான் உள்ளே நுழைந்ததும் அது வாயை மூடிக்கொள்ளும். போனை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மணி ஏழு. கேட்டருகே வண்டியை நிறுத்தி இறங்கினேன். ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் சிரிப்புச் சத்தம், கூடவே தாரணியும் சிரித்தாள். பிறகு நான் பேச ஆரம்பித்தேன்.

"தாரணி, அடுப்படியில லைட் ஆருக்கு எரியுது? ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன், என்ற ஊட்டுலயே இப்படி. எத்தனை தடவை சொல்றது? அலுக்கவே அலுக்காதா உனக்கு? சொல்லிச் சொல்லி எனக்குத்தான்…"

எனக்குத்தான் என்ன என்பதை நானும் கேட்டுவிடலாம் என்று வெளியிலேயே நின்றேன். அதற்குள் டிவி நின்றது. ஃபேன் நின்றது. அடுப்படி விளக்கும் அணைந்தது. நான் இன்னும் பேசி முடித்திருக்கவில்லை.